சூரியன் சாய்ந்தால் மூடும் நிலையம்: அமெரிக்கச் சிற்றூர் கன்ட்ரி வானொலியின் வரலாற்றை எழுதும் வழி

அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து எழுந்த கன்ட்ரி இசையை ஒலித்த சிற்றூர் வானொலி நிலையம் ஒன்றின் வரலாற்றைத் தேடப் போனால் முதலில் கைக்கு வருவது பொன்விழா மலர்தான். நிறுவனர் படம், பழைய ஊழியர்களின் குழுப்படம், 'இந்த வட்டாரத்திலேயே முதல் நிலையம்' என்று ஒரு வரி. அதை மூடி ஓரமாக வையுங்கள். உரிமக் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். எந்த அலைவரிசை, எத்தனை வாட், எத்தனை மணி வரை ஒலிபரப்ப அனுமதி என்ற மூன்றும் தெரிந்தால், அந்த நிலையம் ஏன் விடியற்காலையில் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தது, ஏன் இரவில் வாய் திறக்கவில்லை என்பதெல்லாம் பாதி விளங்கிவிடும். இசை ரசனை, நிறுவனரின் கனவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளக்கத்துக்கு ஒரு நிலையத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். வட கரோலினா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிய சர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) மவுண்ட் ஏரி என்ற ஊர். கிரானைட் குவாரிக்கும், நடிகர் ஆண்டி கிரிஃபித் பிறந்த ஊர் என்பதற்கும் பேர்போனது. அங்கே 1948 பிப்ரவரி 2 அன்று ரால்ஃப் எப்பர்சன் தொடங்கிய நிலையம் டபிள்யூ.பி.ஏ.க்யூ. மத்திய அலையில் 740 கிலோஹெர்ட்ஸ். மலையடிவாரத்துப் பழைய பாணி இசை, பாஞ்சோவும் பிடிலும் முழங்கும் ப்ளூகிராஸ், தேவாலயப் பாடல் ஆகியவைதான் இன்றுவரை அதன் சரக்கு. 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்ற சனிக்கிழமை நேரடி நிகழ்ச்சி 1948 முதல் நடந்துவருகிறது. எப்பர்சன் 2006இல் இறந்தார்; மகன் பொறுப்பேற்றார். ஒரே குடும்பம், ஒரே அலைவரிசை, ஒரே பெயர் என்று இருப்பதால் இது எளிய கதை. நீங்கள் எடுக்கும் நிலையம் இப்படி இருக்காது. ஐந்து முதலாளி, மூன்று பெயர், இரண்டு கோபுரம் என்று இருக்கும். அதனால் முதல் வேலை, எந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறோம் என்று உறுதி செய்வது.

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள்

அமெரிக்க நிலையங்களின் பெயர் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ என்றும் மேற்கே கே என்றும் தொடங்கும். பழைய விதிவிலக்குகள் உண்டு. பிட்ஸ்பர்க் கிழக்கே இருந்தும் அங்கே கே.டி.கே.ஏ.; டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் மேற்கே இருந்தும் அங்கே டபிள்யூ.பி.ஏ.பி. சிக்கல் இதில் இல்லை. ஒரு நிலையம் கைவிட்ட பெயரை இன்னொரு மாநிலத்து நிலையம் எடுத்துக்கொள்ளும். ஒரே உரிமம் கைமாறும்போது பெயர் மாறிவிடும். பெயரை வைத்துத் தேடினால் இரண்டு நிலையங்களின் கதை ஒன்றாகக் கலந்துவிடும். வலையில் உலவும் சிற்றூர் வானொலி வரலாறுகளில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கலாம்.

மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறாத ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. பெயர் மாறினாலும் முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது. ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் அதைத் தேடி எடுத்து, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து வரலாற்று அட்டைகள். 1927இல் கூட்டரசு வானொலி ஆணையம் அமைந்த காலத்திலிருந்து சுமார் 1980 வரை, ஒவ்வொரு நிலையத்துக்கும் தட்டச்சு செய்த அட்டைகள் இருந்தன. 1934இல் எஃப்.சி.சி. அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகும் அதே வழக்கம் தொடர்ந்தது. விண்ணப்பம், அனுமதி, மறுப்பு, வாட் மாற்றம், முதலாளி மாற்றம் என ஒவ்வொன்றும் அதில் ஒரு வரி. இப்போது அவை படங்களாக ஆணையத் தளத்திலேயே கிடைக்கின்றன; சென்னையில் உட்கார்ந்தும் படிக்கலாம். ஸ்கேன் தரம் மோசம். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாத இடங்களில் அதே ஆண்டின் பிராட்காஸ்டிங் இயர்புக்குடன் ஒப்பிடுங்கள். அந்த ஆண்டேடுகள் 1935 முதல் வந்தவை. வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

அட்டையில் வரும் சுருக்கெழுத்துகளில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். சி.பி. என்றால் கட்டுமான அனுமதி. டி என்றால் பகல் மட்டும். யு என்றால் நேர வரம்பு இல்லை. டி.ஏ. என்றால் ஒரு பக்கமாக அலையைத் திருப்பும் கோபுர அமைப்பு. அதோடு 'என்' எழுத்து சேர்ந்தால் அந்தத் திருப்பல் இரவில் மட்டும். 'உரிமம் மாற்றித் தரல்', 'கட்டுப்பாடு மாற்றம்' என்று இரண்டு வகை வரிகள் வரும். முதலாவதில் உரிமம் வேறொரு நிறுவனத்தின் பெயருக்குப் போகிறது. இரண்டாவதில் நிறுவனம் அதேதான், பங்குகள் மட்டும் கைமாறுகின்றன. இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால், இருபது வருடம் ஒரே முதலாளி என்று எழுதிவிடுவீர்கள். நடுவில் மாமனாரிடமிருந்து மருமகனுக்குப் போயிருக்கும்.

தொடங்கிய நாள் என்று நான்கு தேதிகள் கிடைக்கும். கட்டுமான அனுமதி கிடைத்த நாள், சோதனை ஒலிபரப்பு அனுமதி, ஊர் கேட்ட முதல் ஒலிபரப்பு, முழு உரிமம் கிடைத்த நாள். பல மாத இடைவெளி இருக்கும், ஆண்டே மாறலாம். நான்கையும் எழுதி, எது எதுவென்று குறிப்பிடுங்கள். முதல் ஒலிபரப்பை அட்டை சொல்லாது. உள்ளூர்ச் செய்தித்தாள்தான் சொல்லும்.

இன்னொரு கண்ணி, அலைவரிசை எண். 1928 நவம்பர் 11 அன்று நாடு முழுவதும் நிலையங்களை இடம் மாற்றினார்கள். 1941 மார்ச் 29 அன்று வட அமெரிக்க வானொலி ஒப்பந்தத்தின்படி மறுபடி பெரும் மாற்றம். அன்று 1200 கிலோஹெர்ட்ஸில் இருந்த சிற்றூர் நிலையம் 1230க்குப் போனது. 1210 → 1240, 1310 → 1340, 1370 → 1400, 1420 → 1450, 1500 → 1490. 1940 செய்தித்தாளில் 1310, 1942இல் 1340 என்று கண்டால் இரண்டு நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நிலையம், ஒரே கோபுரம்.

சூரியனைக் கணக்கில் எடுங்கள்

மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். இரவில் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி விழும். 740 கனடாவுக்கு முன்னுரிமை உள்ள அலைவரிசை, டொராண்டோவின் சி.பி.எல். நிலையம் 50,000 வாட்டில் அதில் இருந்தது. அதனால் அதே எண்ணில் இருந்த சிற்றூர் நிலையங்கள் சூரியன் சாய்ந்ததும் மூட வேண்டும். போருக்குப் பின் முளைத்த நிலையங்களில் ஏராளமானவை இந்தப் 'பகல் மட்டும்' இனம். 1980களில்தான் அவற்றுக்கு இரவில் மிகக் குறைந்த சக்தியில் பேச அனுமதி பரவலாகக் கிடைத்தது.

மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். அந்த மாதத்துச் சூரிய அஸ்தமனச் சராசரியை அருகிலுள்ள கால் மணிக்குத் திருத்தி உரிமத்திலேயே எழுதியிருப்பார்கள். மவுண்ட் ஏரி அட்சரேகையில் டிசம்பரில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கே மூடல். ஜூனில் வழமை நேரப்படி ஏழேமுக்கால் வாக்கில். நிகழ்ச்சி நிரல் ஒன்று கிடைத்து அதில் மாலை ஆறரைக்கு ஒரு குழு பாடியதாக இருந்தால், அது கோடைக்கால நிரல். பல ஆய்வுக் குறிப்புகளில் 'நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது' என்று எழுதியிருப்பது உண்மையில் அக்டோபர் வந்ததுதான்.

இந்த வரம்புதான் இசையின் நேரத்தைத் தீர்மானித்தது. மாலை விருந்துக் கச்சேரி என்பதெல்லாம் நாஷ்வில் போன்ற பெருநகர நிலையங்களுக்கு. அங்கே டபிள்யூ.எஸ்.எம். 1925 நவம்பர் 28 அன்று தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் பின்னால் கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது. சிற்றூர் நிலையத்துக்கு வாய்த்தது இரண்டு வேளை: மாடு கறக்கும் விடியற்காலை, உழவர் வீட்டுக்குச் சாப்பிட வரும் நண்பகல். வர்ஜீனியா, டென்னசி இரண்டு மாநிலங்களிலும் கால் வைத்த பிரிஸ்டல் நகரில் டபிள்யூ.சி.ஒய்.பி. 1946 டிசம்பரில் தொடங்கியது. அதன் 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' நண்பகல் நிகழ்ச்சிதான். ப்ளூகிராஸ் கலைஞர்களான ஸ்டான்லி சகோதரர்களும், ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் குழுவும் அதில் வாசித்தார்கள்.

பாடகர்களுக்கு நிலையம் பெரும்பாலும் சம்பளம் தராது. நிகழ்ச்சியில் தங்கள் கச்சேரிகளை அறிவித்துக்கொள்ளலாம், பாட்டுப் புத்தகம் விற்கலாம் என்பதுதான் கூலி. ஒலி எட்டும் ஊர்களின் பள்ளிக்கூட மண்டபங்களில் எல்லாம் பாடி முடித்ததும், கூட்டம் குறையும். குழு மூட்டை கட்டி அடுத்த நிலையத்துக்குப் போகும். ஆகவே ஒரு குழு ஏன் பதினெட்டு மாதத்தில் போய்விட்டது என்பதற்குச் சண்டை, சச்சரவு தேடாதீர்கள். வரைபடம் ஒன்றை எடுத்து, செய்தித்தாள் விளம்பரங்களில் வரும் கச்சேரி ஊர்களைத் தேதியோடு புள்ளியிடுங்கள். புள்ளிகள் நிலையத்தின் ஒலி எல்லையை நிரப்பி முடித்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஒலி எல்லை எவ்வளவு என்பது வாட்டை மட்டும் பொறுத்ததல்ல, மண்ணையும் பொறுத்தது. மின்கடத்தும் மண்ணில் தரையலை வெகுதூரம் போகும். கேன்சஸ் சமவெளி நல்ல மண். கரோலினா மலையடிவாரம் மோசமான மண், அதில் பல மடங்கு வாட் கொட்டினால்தான் அதே தூரம். உப்புநீர் எல்லாவற்றையும் விடச் சிறந்தது. கடல் தாண்டி இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஃப்.சி.சி. வெளியிட்ட மண் கடத்துதிறன் வரைபடத்தில் உங்கள் கவுண்டியைப் பாருங்கள்.

கோபுரத்தையும் அளந்து பாருங்கள். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் கால்பங்கு பொதுவான கோபுர உயரம். 740க்கு சுமார் 405 மீட்டர் அலைநீளம், கால்பங்கு 101 மீட்டர், ஏறக்குறைய 332 அடி. 1490இல் இருக்கும் நிலையத்துக்கு ஐம்பது மீட்டர் போதும். கோபுரமே முழுதும் ஆன்டெனா. அடியில் பீங்கான் காப்பான், பூமிக்குள் சக்கர ஆரம்போல் 120 செம்புக் கம்பிகள். இதனால்தான் நிலையங்கள் ஊருக்கு வெளியே ஈரமான தாழ்நிலத்தைத் தேடிப்போயின. வயல் நடுவே ஸ்டுடியோ ஏன் என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. நிலம் வாங்கிய பத்திரம் கவுண்டி நீதிமன்றப் பதிவகத்தில் கிடைக்கும். முதலாளியின் உண்மையான கூட்டாளிகள் யார் என்பது பல சமயம் அதில்தான் வெளிப்படும்.

'கன்ட்ரி' என்று தேடினால் கிடைக்காது

பழைய செய்தித்தாள் தரவுத்தளங்களில் 'கன்ட்ரி மியூசிக்' என்று தட்டினால் 1940களில் ஏறக்குறைய ஒன்றும் வராது. அப்போது அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. 'ஹில்பில்லி', 'பார்ன் டான்ஸ்', 'ஜாம்போரி', 'ஸ்ட்ரிங் பேண்ட்', 'ஓல்ட் டைம்' என்று தேடுங்கள். பில்போர்டு இதழ் 1944இல் தரவரிசை தொடங்கியபோது 'ஃபோக்' என்றது, 1949இல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றது, 1962இல்தான் வெறும் 'கன்ட்ரி' ஆனது. ஹில்பில்லி என்பது பாடகர்கள் பலருக்குப் பிடிக்காத ஏளனச் சொல் என்பதையும் நினைவில் வைத்து, மேற்கோளில் மட்டும் பயன்படுத்துங்கள்.

நாள் முழுக்கக் கன்ட்ரி என்ற வடிவமே தாமதமாக வந்தது. டெக்சாஸ் மாநில லபக் நகரில் 1953இல் தொடங்கிய கே.டி.ஏ.வி.யைத்தான் முழுநேரக் கன்ட்ரி நிலையங்களில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான பட்டி ஹாலி, பள்ளி மாணவராக இருந்தபோது அங்கே பாடியிருக்கிறார். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1961இல் எண்ணியபோது நாடு முழுவதும் முழுநேர நிலையங்கள் 81தான். ஆகவே '1948 முதல் கன்ட்ரி நிலையம்' என்று மலரில் இருந்தால் நிரலைப் பாருங்கள். காலையில் சந்தை விலை, தேவாலயப் பிரசங்கம், நடுவில் வால்ட்ஸ் இசைத்தட்டு, பேஸ்பால், நண்பகலில் ஒரு மணி நேரம் பிடிலும் பாஞ்சோவும் என்று இருக்கும். எத்தனை மணி நேரம் என்று வாரவாரியாக எண்ணி, ஐந்தாண்டுக்கு ஒரு மாதிரி வாரம் எடுத்து அட்டவணை போடுங்கள். நிலையம் எப்போது கன்ட்ரி ஆனது என்பதற்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை.

நிலையத்தின் நிகழ்ச்சிப் பதிவேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு என்பதுவரை அதில் இருக்கும். ஆனால் விதிப்படி இரண்டு ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதால் பெரும்பாலும் எரித்துவிட்டார்கள். 1981இல் அந்தக் கட்டாயமே போய்விட்டது. தப்பியவை கோபுரக் கொட்டகையின் பரணில்தான் இருக்கும், எலிப் புழுக்கையோடு. முகமூடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பதிவேட்டில் யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். கன்ட்ரி வானொலியின் ஆரம்ப நட்சத்திரங்களில் ஒருவரான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். ஆப்ரி அவரை 1941இல் நீக்கியது. உங்கள் கவுண்டியில் கறுப்பினப் பிடில், பாஞ்சோ கலைஞர்கள் இருந்து, நிலையத்தில் அவர்கள் பெயரே வரவில்லை என்றால் அதுவும் அந்த நிலையத்தின் வரலாறு.

ஒலியைக் காப்பாற்றுதல்

அவசரம் அதிகம் இங்கேதான். காகிதம் இன்னும் முப்பது வருடம் இருக்கும். தட்டு இருக்காது.

நிலையங்களில் கிடைக்கும் 16 அங்குலத் தட்டுகள் நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். இரண்டு வகை. வெளியிலிருந்து வந்த நிகழ்ச்சிகள் அச்சடித்த வினைல் தட்டுகள். அவை பல பிரதி உள்ளவை, வலுவானவை. உள்ளூரிலேயே வெட்டியவை அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசியவை. ஒவ்வொன்றும் உலகில் ஒரே பிரதி. வேறுபாடு காண நடுத்துளையைப் பாருங்கள். லாக்கர் தட்டில் பெரும்பாலும் நடுத்துளைக்கு அருகே கூடுதலாக இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். விளிம்பில் உலோகம் மின்னும். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள். துளையில் டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும். அதைப் படுக்கவைத்தோ மேலே எதையாவது வைத்தோ அடுக்கினால் விரிசல் நிச்சயம். எல்லாத் தட்டையும் செங்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள்.

லாக்கர்மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். பூச்சில் கலந்த ஆமணக்கு எண்ணெய் சிதைந்து வெளிவரும் கொழுப்பமிலம் அது. பூச்சு முழுசாக இருந்தால் வாலை வடிநீரில் மென்மையான சோப்புக் கரைசல் சில துளிகள் கலந்து, காடியின் (ஊசி ஓடும் பள்ளத்தின்) போக்கிலேயே மென்பிரஷால் துடைக்கலாம். ஆல்கஹால் படவே கூடாது, பூச்சு கரையும். ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தண்ணீர் படக் கூடாது. உள்ளே இறங்கிப் பூச்சைத் தகட்டிலிருந்து கிளப்பிவிடும். உரிந்த தட்டை அப்படியே ஒலிக் காப்பகத் தொழிலறிஞரிடம் கொடுங்கள்.

வீட்டு டர்ன்டேபிளில் 16 அங்குலம் உட்காராது. நீளக் கை உள்ள கருவி வேண்டும். எல்.பி. ஊசி இந்தக் காடிக்கு மிகச் சிறியது, அடியில் கிடந்து இரையும். 2 முதல் 2.5 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இரண்டு மூன்று ஊசிகளை வைத்துக்கொண்டு, இரைச்சல் குறைவாக வருவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தையே பதிவு செய்யுங்கள். 'சும்மா கேட்டுப் பார்ப்போம்' என்ற ஓட்டம் லாக்கரைத் தின்னும்.

பல தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடுபவை; லேபிளில் எழுதியிருக்கும், எழுதாமலும் இருக்கும். ஊசி ஓடுகிறது, வெறும் இரைச்சல்தான், குரல் இல்லை என்றால் தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மேல்கீழாக வெட்டிய காடியாக இருக்கலாம். ஸ்டீரியோ ஊசியில் பதிந்து, ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்தால் குரல் வந்துவிடும். அதனால் எப்போதும் ஸ்டீரியோவில், ஒலிச் சமனாக்கம் (ஈக்வலைசேஷன்) எதுவும் போடாமல் பதியுங்கள். இன்று எல்லா இசைத்தட்டுக் கருவியிலும் இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்க வளைவு 1954இல் வந்தது, அதற்கு முந்தைய தட்டுக்கு அது பொருந்தாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும்.

ஸ்பூல் டேப்புக்கு முதல் சோதனை வெளிச்சம். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா? அப்படியானால் டேப்பின் அடிப்பொருள் அசிடேட். ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். அசிடேட்டில் வினிகர் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து முதலில் அதைப் பதியுங்கள். 1970, 80களின் பாலியெஸ்டர் டேப் சில ரகங்கள் ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சென்று கத்தி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு மண் அப்பும். உடனே நிறுத்துங்கள். 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போலச் சீராகச் சூடேற்றி, ஆறவிட்டு ஓட்டினால் சில வாரங்களுக்குச் சரியாகப் பாடும். சமையலறை ஓவனில் வெப்பம் எகிறும். உணவு உலர்த்தும் கருவிதான் ஏற்றது. அசிடேட்டைச் சூடேற்றினால் பாழ். அதனால்தான் வெளிச்சச் சோதனை முதலில்.

7 அங்குலச் சுருளில் 1,200 அடி, நொடிக்கு 7.5 அங்குல வேகத்தில் 32 நிமிடம். பேச்சு வாத்துபோல் கேட்டால் வேகம் தவறு. பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவது கேட்டால் இரண்டு பக்கமும் பதிந்த டேப்பை முழு அகல ஹெட்டில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

கார்ட் எனப்படும் முடிவிலாச் சுற்று டேப் பெட்டிகளைக் குப்பை என்று நினைத்து விடுவார்கள். நிலையத்தின் அடையாள இசையும் உள்ளூர்க் கடை விளம்பரமும் இருப்பது அவற்றில்தான். உள்ளே அழுத்தும் ஸ்பாஞ்ச் பொடிந்திருக்கும், ஒட்டுப்போட்ட இடம் விட்டிருக்கும். இரண்டையும் மாற்றாமல் ஓட்டினால் டேப் பெட்டிக்குள் சுருண்டுவிடும்.

தேதியில்லாத பதிவுக்குத் தேதி காண்பது

பாட்டை வைத்துத் தேதி சொன்னால் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும். விளம்பரங்களைக் கேளுங்கள். முகவரியில் ஐந்திலக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீடு) வந்தால் 1963 ஜூலைக்குப் பின். சிகரெட் விளம்பரம் இருந்தால் 1971 ஜனவரி 2க்கு முன். அன்று முதல் ஒலிபரப்பில் தடை. அவசரகாலத்தில் 640 அல்லது 1240க்குத் திருப்புங்கள் என்று சொன்னால் கான்எல்ராட் என்ற பனிப்போர்க்கால அவசர ஒலிபரப்பு ஏற்பாட்டின் காலம், 1951 முதல் 1963 வரை. கிலோஹெர்ட்ஸின் பழைய பெயரான 'கிலோசைக்கிள்' என்றால் பெரும்பாலும் 1970க்கு முன். ஆனால் பழைய அறிவிப்பாளர் நாக்கு லேசில் மாறாது, இதை மட்டும் நம்ப வேண்டாம். புகையிலை ஏலம் நடக்கிறது என்ற செய்தி மாதத்தைத் தரும், மூடும் நேர அறிவிப்பும் மாதத்தைத் தரும். இரண்டு சான்றுகளாவது ஒத்துவந்தால்தான் தேதியை எழுதுங்கள். பெட்டிமேல் எழுதியிருக்கும் தேதி சான்று ஆகாது. டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள், பெட்டியை மாற்றவில்லை.

ஆட்களிடம் பேசுவது கடைசியில்

மேலே சொன்னவற்றை முடித்த பிறகு போங்கள். அறிவிப்பாளரைவிடப் பொறியாளர் நன்றாக நினைவு வைத்திருப்பார். மின்னல் எந்த வருடம் டிரான்ஸ்மிட்டரைத் தின்றது என்று அவருக்குத் தெரியும். விளம்பரம் விற்றவர் எந்தக் கடை பாக்கி வைத்தது என்று சொல்வார். பல சிறு நிலையங்களில் இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்தார். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் மலரில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். அச்சிட்ட பழைய நிரலைக் கையில் கொடுத்து, 'செவ்வாய் 12:15க்கு இந்தப் பெயர் யார், சம்பளம் உண்டா, மைக் எத்தனை' என்று கேளுங்கள். மைக் ஒன்று என்றால், குழு அதைச் சுற்றி நின்று முறைவைத்து முன்னே வந்த விதத்தையும் சொல்லச் சொல்லுங்கள். பேட்டியைப் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

உள்ளூர்க் குரல் நின்ற வருடம்

கடைசி அத்தியாயத்தைப் பெரும்பாலோர் 'காலம் மாறியது' என்று முடித்துவிடுகிறார்கள். அதற்கும் தேதி உண்டு. 1981இல் சாட்டிலைட் மியூசிக் நெட்வொர்க் என்ற நிறுவனம் கன்ட்ரி உட்பட முழுநாள் நிகழ்ச்சியைத் துணைக்கோள் வழியே விற்கத் தொடங்கியது. சிற்றூர் நிலையத்துக்கு நான்கு அறிவிப்பாளர் சம்பளம் மிச்சம். 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒருவர் நாடு முழுக்க எத்தனை நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை எடுத்தது. 2017இல் ஊருக்குள் ஸ்டுடியோ இருந்தாக வேண்டும் என்ற விதியையும் ஆணையம் நீக்கியது. உங்கள் நிலையத்தின் உரிமை மாற்றங்களை இந்த மூன்று தேதிகளின் பக்கத்தில் வையுங்கள். இப்போதைய முதலாளி விவரமும் உரிமப் புதுப்பிப்பும் ஆணையத்தின் இணையப் பொதுக் கோப்பில் இருக்கின்றன.

பதிவுகளை இணையத்தில் ஏற்றுமுன் உரிமையைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு இசை நவீனமயச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டு பாதுகாப்பு. அதற்குப் பிந்தையவை 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிந்தவையாக இருந்தால் 2067 பிப்ரவரி 15 வரை. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு கணக்கு. ஒலியை ஏற்ற முடியாவிட்டாலும் யார், எந்தத் தேதி, எந்தப் பாட்டு, எந்த விளம்பரம் என்ற பட்டியலை வெளியிடத் தடை இல்லை. தேடுபவருக்குப் பாதி வேலை அதிலேயே முடியும். மூலத் தட்டுகளையும் ஒரு முழு நகலையும் காப்பகத்தில் சேருங்கள். கரோலினா பக்கம் என்றால் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் சதர்ன் ஃபோக்லைஃப் கலெக்‌ஷன். இன்னொரு நகல் ஊர் நூலகத்துக்கு. மூன்றாவது நிலையத்துக்கு, கொடுக்கும்போது கோபுரக் கொட்டகைப் பரணில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.